திருகோணமலைப் பொது நூலகம் ஒன்றின் கணினிப் பிரிவு: எதற்குப் போகலாம், எதைக் கையோடு கொண்டுபோக வேண்டும்

மூன்று வேலைகளுக்கு இந்த இடத்தை நம்பிப் போகலாம். தமிழில் நீளமாகத் தட்டச்சு செய்ய, ஆவணங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்க, பழைய நூல்களையும் வினாத்தாள்களையும் பெரிய திரையில் வாசிக்க. இரண்டு வேலைகளுக்குப் போகவே வேண்டாம். இணையத்தில் உங்கள் வங்கிக் கணக்குக்குள் போகவும், பெரிய காணொளிக் கோப்புகளைத் தரவிறக்கவும் இது இடமல்ல. திருகோணமலை நகருக்குள் இருக்கும் இந்த நூலகத்தின் கணினிப் பிரிவைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகப் பல பேச்சு உண்டு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அங்கே இருக்கும் வசதி நல்ல வசதி. அதைக் கெடுப்பவை பெரிய குறைகள் அல்ல, சில நூறு ரூபாவிலும் பத்து நிமிட வேலையிலும் தீரக்கூடிய சின்னக் குறைகள். எந்தக் குறை ஏன் வருகிறது, அது வரும்போது என்ன செய்யலாம் என்பதையே இங்கே அதிகம் எழுதுகிறோம்.

ஸ்மார்ட்போன் எல்லார் கையிலும் இருக்கும்போது நூலகத்துக் கணினி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூதூரிலோ குச்சவெளியிலோ இருந்து பஸ் ஏறி வரும் ஒருவர் வேலை விண்ணப்பம் ஒன்றை நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பக்கப் படிவம், நான்கு சான்றிதழ், ஒரு புகைப்படம், எல்லாம் குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும். போனில் அதைச் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் பாதியில் ஓர் அழைப்பு வந்தால் பக்கம் மீண்டும் முதலிலிருந்து ஏறும், நிரப்பியதெல்லாம் போய்விடும். கீபோர்டும் பெரிய திரையும் ஸ்கேனரும் பிரின்டரும் ஒரே மேசைக்கு அருகில் இருக்கும் இடம், உறுப்பினருக்கு முதல் மணித்தியாலம் இலவசமாகவும் இருக்கும் இடம், நகரில் எளிதில் கிடைக்காது.

உள்ளே போகத் தேசிய அடையாள அட்டை போதும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு நூலக உறுப்பினர் அட்டை வேண்டும். வாசல் மேசையில் உள்ள பதிவேட்டில் பெயர், அட்டை இலக்கம், உள்நுழைந்த நேரம், கணினி இலக்கம் எழுத வேண்டும். கணினி இலக்கத்தை எழுதாமல் விடுபவர்கள் பலர். அதை எழுதுங்கள். உங்கள் கோப்பு ஒன்று அந்தக் கணினியில் தங்கிவிட்டால், கணினி அணைக்கப்படுமுன் திரும்பப் போய்த் தேட அந்த இலக்கம்தான் தடயம். போயா தினங்களிலும் அரச விடுமுறைகளிலும் பூட்டு. கூட்டம் குறைந்த நேரம் வார நாட்களில் காலை, கதவு திறந்து முதல் இரண்டு மணித்தியாலம். பாடசாலை விட்டதும் இடம் நிரம்பிவிடும். க.பொ.த. பெறுபேறு வரும் நாளில் மட்டும் போகாதீர்கள். அன்றைக்குப் பரீட்சைத் திணைக்கள இணையத்தளமே நாடு முழுவதிலுமிருந்து குவியும் கூட்டத்தில் திணறும், நூலகத்தின் இணைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. சுட்டெண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருப்பது எல்லாருடைய வரிசையையும் நீட்டுமே தவிர வேறொன்றும் தராது.

மொத்தம் பத்து மேசை. எட்டுக் கணினிகள் ஒழுங்காக இயங்குகின்றன. எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. இதில் ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கணினி அன்றைக்கே நின்றுவிடாது, ஆனால் தனியாகப் பதிவு செய்து நீடிக்காவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. விண்டோஸ் 11க்கு ஏற்றலாமே என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். இங்குள்ள இயந்திரங்களில் பாதி அதற்கு முந்தியவை. வங்கி வேலைக்கு இங்கே போகாதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

எந்த மேசையில் உட்காருவது என்பது முக்கியம். சுவரோரம் உள்ள நான்கு கணினிகளுக்கு எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான டிஸ்க் போட்டிருக்கிறார்கள், பொத்தானை அழுத்தி அரை நிமிடத்துக்குள் தயாராகும். நடுவரிசையில் இருப்பவை பழைய ஹாட் டிஸ்க்கோடு ஓடுகின்றன. உள்ளே டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கும், பிரவுசர் திறக்கவே இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். ரேம் இரண்டு வகையிலும் ஒன்றுதான். வேகத்தில் இவ்வளவு வித்தியாசம் வருவது டிஸ்க்கினால் மட்டும். மேலும் ரேம் வாங்குவதைவிட மீதி நான்குக்கும் 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி போடுவதே குறைந்த செலவில் பெரிய பலன் தரும்.

தமிழில் எழுத வேண்டியவர்களுக்கு

இங்கே அதிகம் பேர் தடுக்கி விழுவது இணைய வேகத்தில் அல்ல, எழுத்துருவில். வீட்டிலோ கடையிலோ பாமினியில் தட்டச்சு செய்த கடிதத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகத் தெரியும். கோப்பு பழுதாகவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய எழுத்துரு. அது இல்லாத கணினியில் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடுகிறது. உலகப் பொதுக் குறிமுறையான யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனி இலக்கங்கள் இருக்கின்றன, ஆகவே எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே நிற்கும். சில மேசைகளில் பாமினி நிறுவப்பட்டிருக்கிறது, சிலவற்றில் இல்லை. எதில் இருக்கிறது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. மேசையில் உள்ளவரிடம் கேட்டால் சொல்லுவார்.

மூன்று வழி உண்டு. கோப்பை அச்சிட மட்டும்தான் வேண்டுமென்றால், அதை எழுதிய கணினியிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுவாருங்கள். பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு சுமந்து வரும், எங்கும் ஒரே மாதிரித் தெரியும். திருத்த வேண்டுமென்றால் இணையத்தில் உள்ள பாமினி–யூனிகோட் மாற்றி ஒன்றில் பத்தியை ஒட்டி மாற்றுங்கள். மாற்றிய பின் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் எழுத்துகளைக் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். பாமினியில் கொம்பை முதலில் தட்டி அதன்பின் மெய்யைத் தட்டுவோம், யூனிகோடில் மெய் முதலில் நின்று கொம்பு பின்னால் வரும். மாற்றி அந்த வரிசையைத் திருப்பிப் போடும்போது ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்றவை சில இடங்களில் சிதறும். ஆங்கிலச் சொற்கள் கலந்த பத்தி என்றால் அவையும் தமிழாகிக் குழம்பும், அவற்றை வெட்டி வைத்துவிட்டு மாற்றுவது நல்லது. மூன்றாவது வழி, புதிதாக எழுதுவதை முதலிலிருந்தே யூனிகோடில் எழுதுவது. அரச அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போகும் எதற்கும் இதுதான் சரி.

அதற்கான விசைப்பலகையைச் சேர்க்க செட்டிங்ஸ், அதில் டைம் அன்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ், ‘அட் எ லாங்குவேஜ்’ என்று போய்த் தமிழைத் தெரிவு செய்ய வேண்டும். பட்டியலில் தமிழ் இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று என்று வரும். எதை எடுத்தாலும் எழுத்து ஒன்றுதான். பிறகு அந்த மொழியின் ‘ஒப்ஷன்ஸ்’ உள்ளே கீபோர்ட் சேர்க்கும் இடத்தில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் கிடைக்கும். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தமிழ்99ஐத்தான் சொல்லுவோம். உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். ஒரு கிழமையில் கை பழகிவிடும். அஞ்சல் முறையில் ஆங்கில ஒலிப்பை வைத்து எழுதலாம், கடிதம் ஒன்றை அவசரமாக முடிக்க அது போதும். தட்டச்சுப் பொறியிலும் பாமினியிலும் பழகிய மூத்தவர்களுக்குத்தான் சிரமம். அவர்களுடைய கைக்கு ஏற்ற ரெங்கநாதன் அமைப்பு இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரத்தில் இருந்தும் விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். நிறுவும் அதிகாரம் பாவனையாளருக்கு இல்லை. நூலகம் ஒருமுறை எட்டுக் கணினியிலும் போட்டுவிட்டால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கிராம சேவகர்களும் எவ்வளவு நிம்மதியாக வந்து உட்காருவார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

எழுத்துருவில் இன்னொரு சிறு பொறி. விண்டோஸ் 10இல் நிர்மலா எழுத்துரு கூடவே வரும். பழைய கடிதங்களில் அதிகம் காணப்படும் லதா, விஜயா இரண்டும் தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பில்தான் இருக்கின்றன. அது ஏறாத கணினியில் லதாவில் எழுதிய கடிதம் வேறு எழுத்துருவில் திறந்து, இரண்டு பக்கத்தில் அடங்கியது மூன்றாம் பக்கத்துக்கு வழியும். எழுத்து தமிழாகவே நிற்பதால் பலர் கவனிக்க மாட்டார்கள், கையெழுத்திடும் வரி அடுத்த பக்கத்துக்குப் போன பிறகுதான் தெரியும். அச்சிடுமுன் பிரின்ட் பிரிவியூவைப் பாருங்கள்.

நூலகப் பட்டியலில் தேடும்போதும் இதே வகைத் தொல்லை வரும். ‘ஔவையார்’ என்று தேடினால் எதுவும் வராது, ‘ஒளவையார்’ என்று ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தேடினால் நூல்கள் வரும். பதிவு செய்தவர் ஔகாரத்தின் பொத்தானைத் தேடாமல் இரண்டு எழுத்தை ஒட்டவைத்திருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. துணைக்காலுக்குப் பதிலாக ‘ர’ தட்டப்பட்ட பதிவுகளும் இருக்கின்றன. பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுவது, அல்லது ஆசிரியர் பெயரை விட்டுத் தலைப்பில் உள்ள வேறொரு சொல்லைக் கொடுப்பது பலன் தரும். பட்டியல் கைவிட்டால் அலுமாரிக்கே நடந்துவிடலாம். நூல்களை எண்ணால் வகைப்படுத்தும் டூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811.

இணைப்பும் அதன் கோளாறுகளும்

இணைப்பின் வேகம் நேரத்தைப் பொறுத்தது. எண்ணால் பார்த்தால் புரியும். 10 மெகாபிட் இணைப்பை எட்டுப் பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 1.25 மெகாபிட். 20 மெகாபைட் கோப்பு ஒன்றில் 160 மெகாபிட் இருக்கிறது. தனியாக இருந்தால் 16 வினாடியில் இறங்கக்கூடியது, எட்டுப் பேர் இருக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். இதில் ஒருவர் 1080 தரத்தில் காணொளி ஓட்டினால் சுமார் 5 மெகாபிட்டை அவரே விழுங்கிவிடுவார். பாடக் காணொளி பார்க்கத்தான் வேண்டுமென்றால் தரத்தை 360க்கு இறக்குங்கள். கரும்பலகை எழுத்து அதிலும் வாசிக்கக் கூடியதாகவே இருக்கும், பக்கத்து மேசைக்காரரும் தன் படிவத்தை அனுப்பி முடிப்பார்.

வைஃபை வாசிப்பு மண்டபத்தில் நன்றாக வரும், உள் அறையில் வராது. பழைய தடித்த சுவர் 5 கிகாஹேட்ஸ் அலையை நிறுத்திவிடும். அங்கே உட்காருபவர்கள் ஒரே பெயரில் 2.4 என்ற எண்ணோடு தெரியும் வலையமைப்பைத் தெரிவு செய்யலாம், வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டி வரும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் பாவிக்கக்கூடிய சனல்கள் 1, 6, 11 மூன்றும்தான். சுற்றிலும் உள்ள கடைகளின் ரவுட்டர்களும் அவற்றிலேயே இருப்பதால் மாலையில் தடுமாறும்.

இனி, நூலகத்தின் இணையம் வேலை செய்யவில்லை என்று பலரும் திரும்பிப் போகும் ஒரு கோளாறு. எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்புப் பாதுகாப்பற்றது என்று சிவப்பு எச்சரிக்கை வரும். இணையத்தில் பிழை இல்லை. திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள், திகதி பத்து வருடம் பின்னால் நிற்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பற்றரி செத்துவிட்டது. மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் மணிக்கூடு தன் பழைய திகதிக்குத் திரும்பிவிடுகிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினியின் திகதி அந்த எல்லைக்குள் இல்லாவிட்டால் பிரவுசர் நம்ப மறுக்கும். விண்டோஸ் தானாக நேரத்தைச் சரிசெய்யாதா என்றால், இப்படித் தனித்து நிற்கும் கணினியில் வித்தியாசம் 15 மணித்தியாலத்துக்கு மேல் போனால் வழமையான அமைப்பில் அது கையை விட்டுவிடும். திகதியை மாற்றும் உரிமை சாதாரணக் கணக்குக்கு இல்லை, ஆகவே பொறுப்பாளரை அழைத்துத் திருத்தச் சொல்லுங்கள், இல்லையேல் வேறு மேசைக்கு மாறுங்கள். எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தானை அழுத்திக் கடவுச்சொல் கொடுக்காதீர்கள். இப்படி இரண்டு கணினிகள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. பற்றரி எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.

திருகோணமலைக் காற்றையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். துறைமுகம் ஒரு பக்கம், திறந்த கடல் மறுபக்கம். கச்சான் வீசும் மாதங்களில் வரண்ட சூடும் தூசியும், வாடைக்காலத்தில் உப்பு ஈரமும். தூசி விசிறியை அடைத்தால் கணினி சூடாகித் தானாக நின்றுவிடும். உப்பு ஈரம் ரேமின் பொன்னிறப் பற்களிலும் வலைக்கேபிளின் செப்பு முனைகளிலும் படியும். திரை வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்கும் கணினியில் பலமுறை பழுது இதுதான், ரேமைக் கழற்றி அதன் முனையை மென்மையான அழிறப்பரால் தேய்த்துத் திருப்பிப் போட்டால் எழும்பிவிடும். இதைப் பாவனையாளர் செய்யக்கூடாது, நூலகம் வருடத்துக்கு இரண்டு முறை, கச்சான் முடிந்ததும் மாரிமழை முடிந்ததும், செய்வித்தால் போதும். ஒவ்வொரு மேசைக்கும் யுபிஎஸ் உண்டு, ஆனால் சிலவற்றின் 12 வோல்ட் பற்றரி காலம் கடந்தவை. கரண்ட் போனதும் பத்து நிமிடம் நிற்க வேண்டியது பத்து வினாடியில் சாய்ந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோலோடு எஸ் அழுத்திச் சேமிக்கும் பழக்கம் இங்கே கட்டாயம்.

அப்படிச் சேமிப்பதும் எங்கே என்பதைக் கவனியுங்கள். கணினியை அணைத்துப் போடும்போது பழைய நிலைக்குத் திருப்பிவிடும் மென்பொருள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. பொது இடத்துக்கு அது மிக நல்ல ஏற்பாடு, முந்தியவர் விட்டுப்போன வைரஸும் குப்பையும் அடுத்தவருக்கு வராது. ஆனால் டெஸ்க்டொப்பிலும் டவுன்லோட்ஸிலும் வைத்த உங்கள் கோப்பும் அதோடு போய்விடும். மூன்று மணித்தியாலம் தட்டிய கடிதம் ஒரு மின்வெட்டில் தடயமில்லாமல் மறையும். பென் டிரைவை முதலில் செருகி, கோப்பை அதிலேயே உருவாக்கி, அதிலேயே சேமியுங்கள். மேலே சொன்ன தமிழ் விசைப்பலகையும் இதே காரணத்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நூலகம் அதைச் சேர்த்த நிலையிலேயே உறையவைத்தால் இந்தச் சிரமம் ஒரே நாளில் தீரும்.

பென் டிரைவில் வைரஸ் பிடித்தால் உங்கள் கோப்புறைகள் எல்லாம் ஒரே ஒரு ஷோர்ட்கட்டாகத் தெரியும். அதை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள், பரவுவதே அப்படித்தான். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஒப்ஷன்ஸ், அதன் வியூ பக்கத்தில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்வதோடு, இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவின் சரி அடையாளத்தையும் எடுத்துவிட வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் தெரியாது, ஏனென்றால் அந்த வைரஸ் கோப்புறைகளுக்கு இயங்குதளக் கோப்பு என்ற முத்திரையையும் குத்திவிடுகிறது. தெரிந்ததும் கோப்புகளை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, பென் டிரைவை ஃபோர்மட் செய்யுங்கள்.

ஸ்கேன், பிரின்ட்

இந்தப் பிரிவின் மிகச் சிறந்த பகுதி ஸ்கேனர். தட்டையான கண்ணாடி கொண்ட பழைய ரகம், மெதுவானது, ஆனால் போன் செயலியில் எடுத்த படத்தைப் போல மூலைகள் வளையாது, நிழல் விழாது. விண்ணப்பத் தளங்கள் கோப்பின் அளவுக்கு வைக்கும் உச்சத்தில்தான் பலர் மாட்டுவார்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 பக்கம் ஒன்று 2480க்கு 3508 புள்ளி. சான்றிதழை அடையாளம் காண அவ்வளவு தேவையில்லை. 150 டிபிஐயில், சாம்பல் நிறத்தில் எடுத்தால் புள்ளிகள் கால்வாசியாகும், கோப்பும் அதற்கேற்பச் சுருங்கும். பிறப்புச் சான்றிதழ் போன்று மங்கிய கையெழுத்தும் வர்ண முத்திரையும் உள்ளவற்றை மட்டும் 200 டிபிஐ வர்ணத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளை என்று தனியாக ஒரு தெரிவு இருக்கும், அதை எடுக்காதீர்கள். சாம்பல் வேறு, கறுப்பு வெள்ளை வேறு. இரண்டாவதில் முத்திரை கரிக்கட்டையாகிவிடும். பல பக்கச் சான்றிதழை ஒவ்வொரு பக்கமும் தனிப்படமாக எடுக்காமல், ஸ்கேன் நிரலிலேயே பிடிஎஃப் தெரிவு செய்து பக்கங்களைத் தொடர்ச்சியாகச் சேர்த்தால் ஒரே கோப்பாக வரும். 3.5க்கு 4.5 சென்ரிமீற்றர் புகைப்படம் கேட்டால் 300 டிபிஐயில் அது 413க்கு 531 புள்ளி. பெயின்ட் நிரலில் ரீசைஸ் பகுதியில் இந்த எண்ணைக் கொடுக்கலாம். ஆனால் முதலில் அதே விகிதத்தில் வெட்டிவிட்டுத்தான் சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகம் நீண்டுபோகும்.

பிரின்டரில் ஒரு நிரந்தரக் குறை. எட்டில் மூன்று கணினிகளில் தாள் அளவு அமெரிக்க லெட்டர் என்றே இருக்கிறது. லெட்டர் 216க்கு 279 மில்லிமீற்றர், நமது ஏ4 210க்கு 297. அப்படியே அனுப்பினால் ஓரம் வெட்டுப்படும், அல்லது பிரின்டர் லெட்டர் தாளைக் கேட்டுக்கொண்டு மினுங்கியபடி நிற்கும். பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் பிரின்ட் கொடுத்தால், சரியானதும் ஒரே கடிதம் ஆறு முறை வந்து விழும், ஆறுக்கும் காசு கொடுக்க வேண்டும். பிரின்ட் பெட்டி திறந்ததும் பேப்பர் சைஸ் ஏ4 என்றிருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஒரு முறை அழுத்துங்கள். படிவம் அச்சிடும்போது ‘ஃபிட்’ வேண்டாம், ‘அக்சுவல் சைஸ்’ கொடுங்கள், கட்டங்கள் சரியான அளவில் வரும். சில்லறைக் காசு கொண்டுபோங்கள்.

வெளியேறும் முறை பற்றி அங்கே ஒரு அறிவித்தல்கூட இல்லை, இருக்க வேண்டும். குரோமில் மேல் வலது மூலையில் உள்ள ஆள் படத்தை அழுத்தி ‘கெஸ்ட்’ ஜன்னலைத் திறந்து அதில் மட்டும் மின்னஞ்சலுக்குள் போங்கள். அந்த ஜன்னல்களை எல்லாம் மூடியதும் கணக்கும் வரலாறும் அழிந்துவிடும். சாதாரண ஜன்னலில் ஜிமெயிலுக்குள் போனால் குரோமே உங்கள் கணக்கோடு இணைந்து, கடவுச்சொற்களைச் சேமிக்கட்டுமா என்று கேட்கத் தொடங்கும். போனிலிருந்து கோப்பை எடுக்க வாட்ஸ்அப் வெப் பாவிப்பவர்கள்தான் அதிகம். அவர்களில் பலர் ஜன்னலை மூடிவிட்டு எழுந்து போகிறார்கள். மூடுவது வெளியேறுவது அல்ல. கணினி மீண்டும் தொடங்கும் வரை அடுத்து உட்காருபவர் உங்கள் உரையாடல்களை வாசிக்கலாம். போனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதிக்குப் போய் அந்தக் கணினியைத் தொட்டு லொக் அவுட் கொடுத்துவிட்டு எழும்புங்கள். மறந்து வீட்டுக்குப் போனாலும் அங்கிருந்தே செய்யலாம்.

கட்டணமில்லாமல் வாசிக்க

இதற்காகவே போகலாம் என்று சொல்லத் தோன்றும் பகுதி இது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் கோயில், பாடசாலை மலர்களும் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. திருகோணமலை சார்ந்த பிரசுரங்களைத் தேட, ஊர்ப் பெயரை ‘திருகோணமலை’, ‘திருக்கோணமலை’ என்று இரண்டு விதமாகவும் கொடுங்கள், பழைய வெளியீடுகள் பல ஒற்றெழுத்தோடு இருக்கும். கோப்புகள் பக்கப்படங்களாக இருப்பதால் பெரும்பாலானவற்றின் உள்ளே சொல் தேட முடியாது, உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். போன் திரையில் இரண்டு பத்தி அச்சுப் பத்திரிகையை வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை. இங்கே பெரிய திரையில் அமைதியாக வாசிக்கலாம். ஒலி, ஒளிப் பதிவுகளுக்கு அதே நிறுவனத்தின் ‘ஆவணகம்’ தளம் உண்டு. பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, அதில் எழுத்தாகவே இருப்பதால் சொல் தேடலாம்.

மாணவர்களுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும், பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்கள், கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளப் பாடங்கள் எல்லாம் தமிழ் மூலத்தில் இலவசம். இவற்றைக் கடையில் காசு கொடுத்துப் பிரதி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் வந்து பென் டிரைவில் இறக்கிக்கொண்டு போங்கள். வினாத்தாளை மட்டும் எடுத்துவிட்டுப் புள்ளி வழங்கும் திட்டத்தை விட்டுவிடாதீர்கள். விடையில் எந்தச் சொல்லுக்குப் புள்ளி என்பது அதில்தான் இருக்கிறது.

பொறுப்பில் இருப்பவர்கள் பொறுமையானவர்கள், கேட்டால் எழுந்து வந்து காட்டுகிறார்கள். ஆனால் மேசைக்கும் புத்தக விநியோகத்துக்கும் ஒரே ஆள் என்பதால் காலையில் கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் நேரம் மாலையில் கிடைக்காது. வாசலில் ஆலோசனைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் ‘கொம்பியூட்டர் வேலை செய்யவில்லை’ என்று எழுதிப் போட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘4ஆம் இலக்கம், திகதி பின்னால் நிற்கிறது, பொத்தான் பற்றரி மாற்றவும்’, ‘6ஆம் இலக்கம், தாள் அளவு லெட்டரில் இருக்கிறது’, ‘2ஆம் இலக்கம், தமிழ் விசைப்பலகை இல்லை’ என்று இலக்கமும் கோளாறும் திகதியும் போட்டு எழுதுங்கள். அடுத்த முறை பராமரிப்புக்கு ஆள் வரும்போது அந்தத் துண்டைக் கையில் கொடுத்தாலே வேலை நடந்துவிடும்.